ஆறு நாளுக்கு ஒரு தண்ணீர்

2024 ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, மராத்தி பேசும் ஊரான வானவடியில் ஹரிதா குஞ்ச் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் நான்கு பக்க ஆங்கிலத் தாள் ஒன்று ஒட்டப்பட்டது. தோட்டக்காரர் லூர்துசாமி கையில் குழாயோடு அதன் எதிரே நின்று பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது, எண்கள் தெரியும். இரண்டாம் பக்கத்தில் 14 என்ற எண்ணைக் கண்டதும் தண்ணீரை மூடிவிட்டு வந்தார். பதினான்காம் விதிதான் அந்தக் குடியிருப்பின் புல்வெளி விதி.

"பாய், இதுல இன்னா போட்டுக்கீது?"

காவலாளி முகமது ரஃபீக் ஆம்பூர்க்காரர். பதினோரு வருஷமாக அதே வாசல். நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியை இறக்கி, விரலை வரிமேல் ஓட்டிப் படித்தார்.

"தோட்ட விதியெல்லாம் மாத்தறாங்க. தண்ணி மிச்சம் பண்றதுக்கு. ரெண்டு பக்கமும் புல்லை எடுத்துடுவாங்க. முன்னாடி கல்லு, பின்னாடி பிளாஸ்டிக் புல்லு."

"பிளாஸ்டிக் புல்லுக்கு என்னை மாதிரி மாளி இன்னாத்துக்கு?"

"அதையும் போட்டிருக்காங்க." ரஃபீக்கின் விரல் அடுத்த பக்கத்துக்குப் போனது. "ஜூன் ஒண்ணாந்தேதியிலேர்ந்து மாளி வேலை இல்ல. வாரத்துக்கு ரெண்டு தடவை கம்பெனி ஆள் வந்து தொட்டிச் செடியைப் பாத்துட்டுப் போவான். இன்னும் முடிவாகல லூர்து. இருபத்தொண்ணாந்தேதி மீட்டிங்ல கை தூக்கணும்."

அன்றோடு லூர்துசாமி அங்கே வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம், ஒன்பது மாதம், பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் இன்னொரு குடியிருப்பு அவரைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளாது என்பது அவருக்கும் தெரியும், ரஃபீக்குக்கும் தெரியும்.

அவர் பிறவித் தோட்டக்காரர் அல்ல. அப்பா அரக்கோணத்திலிருந்து 1961-இல் பிழைக்க வந்தவர். லூர்துசாமி பிறந்து வளர்ந்தது கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய தகரக் கூரைகளுக்கு நடுவே. பதினெட்டு வயதில் நிக்கல் முலாம் போடும் பட்டறை ஒன்றில் சேர்ந்து, அது மூடப்பட்ட 2004 மார்ச் வரை அங்கேயே இருந்தார். மூன்று மாதம் வேலை இல்லை. பிறகு யாரோ சொல்லி ஹரிதா குஞ்சுக்கு வந்தார்.

அப்போதைய செயலாளர் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர். "தோட்ட வேலை தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். "தெரியும் சாப்" என்றார் லூர்துசாமி. அதுவரை அவர் தண்ணீர் ஊற்றிய ஒரே செடி, மாதா கோவில் வளாகத்தில் பாதர் வைத்திருந்த குரோட்டன்ஸ். "புல்லுக்கு வேர் எவ்வளவு ஆழம்?" என்று கர்னல் கேட்க, இவர் ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார். கர்னலுக்கும் விடை தெரியாது போலும். தலையசைத்து வேலை கொடுத்துவிட்டார்.

ஆனால் லூர்துசாமிக்கு அன்று முழுவதும் அந்தக் கேள்வி விடவில்லை. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு பிடி புல்லை மண்ணோடு பெயர்த்து, கழுவி, வேரை நீட்டி அளந்தார். ஒன்றே கால் அங்குலம். தான் காட்டிய விரலில் பாதிகூட இல்லை. பொய் சொல்லி வாங்கிய வேலையை அன்றுதான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

பட்டறையிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சாமான் ஒரு பன்னிரண்டு அங்குல ஸ்க்ரூ டிரைவர். அரத்தால் அதில் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார். அதை மண்ணில் குத்தினால் ஈரம் உள்ள வரை வழுக்கிக்கொண்டு இறங்கும்; காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். தண்ணீர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

குடியிருப்பில் புல்வெளி இரண்டு. வாசலை ஒட்டி ஒன்று, 3,200 சதுர அடி. டி கட்டடத்துக்குப் பின்னால் ஒன்று, 2,900 சதுர அடி. 1999-இல் கர்னல் எழுதிய பதினான்காம் விதி இரண்டுக்கும் ஒன்றே: காலை ஆறுக்கு நாற்பது நிமிடம், மாலை ஐந்துக்கு நாற்பது நிமிடம், மழைக்காலம் தவிர எல்லா நாளும். அணிவகுப்பு மைதானத்துக்குத் தண்ணீர் காட்டியே பழகியவர் அவர். அதே வழக்கத்தை இங்கேயும் எழுதி வைத்துவிட்டார். ஒவ்வொரு வேளையும் தோட்டக்காரர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் காவலாளி சாட்சிக் கையெழுத்து. கர்னல் காலமாகிப் பல வருஷமாகியும் அந்த நோட்டு ஒரு வேளைகூட நின்றதில்லை.

2016 மே 9, திங்கட்கிழமை, பின்பக்கப் புல்லுக்குப் போகும் குழாய் நிலத்தடியில் உடைந்தது. பிளம்பர் வந்து சேர ஏழு நாள் ஆயிற்று. அந்த ஏழு நாளும் லூர்துசாமிக்குச் சோறு இறங்கவில்லை. புல் கருகினால் வேலை போய்விடும். ஆனால் ஆறாம் நாள் காலையிலும் புல் பச்சையாகவே நின்றது. மிதித்த இடம் மட்டும் நிமிர்ந்து எழ நேரம் எடுத்தது.

பயம் அங்கேயே அவிந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது: இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு கோடை பிடித்தது. மூன்று நாளுக்கு ஒருமுறை விட்டுப் பார்த்தார், நான்கு, ஐந்து, ஏழு. எட்டாம் நாள் கால் தடம் அப்படியே பதிந்து கிடந்தது. ஒன்பதாம் நாள் ஓரம் பழுத்தது. கடைசியில் கோடைக்கு ஆறு நாள், குளிருக்குப் பன்னிரண்டு நாள் என்று நிலைக்கு வந்தார். விடுகிற அன்று அவசரப்படாமல், குழாயை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, மொத்தம் மூன்றரை மணி நேரம். கரிசல் மண் தண்ணீரை மெதுவாகத்தான் வாங்கும். வாங்கியதைச் சீக்கிரம் விடாது. அறுக்கும் இயந்திரத்தின் பிளேடையும் மேலே ஏற்றி, புல்லை மூன்று அங்குலம் வளரவிட்டார்.

அவர் மனைவி ஜெபமணி வீட்டில் ரவிக்கை தைப்பவள். "ஆறு நாளாச்சாம், ஏழு நாளாச்சாம். கட்டின பொண்டாட்டி சாப்ட்டாளான்னு ஒரு நாள் கணக்கு வெச்சிருப்பியா?" என்பாள்.

"நீதான் என்னுதையும் சேத்துச் சாப்பிட்றியே, அதுல இன்னா கணக்கு?"

2017-இல் ஒருமுறை அப்போதைய செயலாளரிடம், பின்பக்கத்துக்குத் தினமும் தண்ணீர் வேண்டியதில்லை என்று சொல்லிப் பார்த்தார். "விதியை நீயா எழுதினாய்?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. முன்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும். அங்கே விதிப்படி இரு வேளையும் விட்டார். பின்பக்கம் யார் கண்ணிலும் படாது. நோட்டில் மட்டும் இரண்டு புல்வெளிக்கும், இரண்டு வேளைக்கும், நாற்பது நாற்பது நிமிடம் என்று கையெழுத்துப் போட்டுவந்தார். வாசலைவிட்டு நகர முடியாத ரஃபீக் பக்கத்தில் சாட்சி போட்டார்.

ஏப்ரல் 6, சனிக்கிழமை காலை, சந்திரிகா ஒரு தாளோடு அவரைத் தேடி வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, கணினி நிறுவனத்தில் வேலை, தோட்டக் குழுவின் தலைவி. புதிய விதிகளை எழுதியவள் அவள்தான்.

"லூர்துசாமி, எனக்கு ஒரு கணக்கு உதைக்குதுங்க. நிமிஷத்துக்கு முப்பது லிட்டர்னு வெச்சா, மார்ச் மாசம் உங்க நோட்டுப்படி ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரத்து எண்ணூறு லிட்டர் போயிருக்கோணும். மீட்டர்ல ஒரு லட்சத்து அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம்தான் ஓடியிருக்குது. குழாய் ஒழுகினா மீட்டர் கூடக் காட்டும். இது குறைச்சுக் காட்டுதுங்களே, எப்படி?"

லூர்துசாமி குனிந்து குழாய் மூட்டை இறுக்கினார். "மீட்டர் பழசு மேடம்."

"நானும் அதைத்தான் நினைச்சேன். திங்கட்கிழமை மாத்தச் சொல்லிட்டேன்."

அவள் போன பிறகு அவர் நேரே வாசலுக்குப் போனார்.

"பாய், மீட்டரை மாத்தறாங்க."

"மாத்தட்டுமே. உனக்கென்ன?"

லூர்துசாமி சொன்னார். எட்டு வருஷத்தையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தார். ரஃபீக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி. எட்டு வருஷமா என்னைப் பொய் சாட்சி சொல்ல வெச்சிருக்கியே. நான் உன் மூஞ்சியைப் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்டா, புல்லைப் பாத்தா போட்டேன்?"

"அதான் பாய், உன்னாண்ட சொல்லல. சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே."

"மாட்டேன்தான்!" என்று ரஃபீக் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நெஜமாவே ஆறு நாள் தாங்குதா?" என்று கேட்டார்.

அன்று வீட்டில் ஜெபமணி தையலை நிறுத்திவிட்டுக் கணக்குப் பார்த்தாள். "சொன்னா, பொய்க் கையெழுத்துன்னு துரத்துவாங்க. சொல்லலன்னா, புல்லே வாணாம்னு துரத்துவாங்க. எதுல போனா மரியாதை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சாப்டாம குந்திக்கினு இருக்கேன்?"

ஏப்ரல் 8 அன்று புது மீட்டர் பொருத்தினார்கள். 14-ஆம் தேதி காலை சந்திரிகா மறுபடி வந்தாள். ஆறு நாளில் நோட்டு 28,800 லிட்டர் என்றது. புது மீட்டர் 20,700 என்றது. "புதுசும் அதையேதான் சொல்லுதுங்க. அப்போ மீட்டர் மேல தப்பில்லை" என்று சொல்லிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் புல்லைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். பின்பக்கப் புல்லில் நாலு அடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். குனிந்து கையால் தடவினாள்.

"முன்னாடி வெளிறிக் கெடக்குது. இது இத்தனை பச்சையா இருக்குதே. ஒரே தண்ணி, ஒரே ஆள். இது மட்டும் ஏனுங்க இப்படி?"

எட்டு வருஷத்தில் இதை அவரிடம் கேட்ட முதல் ஆள் அவள். தப்பித்துக்கொள்ள அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: பின்பக்கம் நிழல் அதிகம். அதை விட்டுவிட்டு, இடுப்பிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"குத்திப் பாருங்க மேடம்."

முன்தினம்தான் பின்பக்கத்துக்குத் தண்ணீர் விட்ட நாள். எட்டாவது கோடு வரை இறங்கியது. முன்பக்கம், அன்று காலைதான் தண்ணீர் விட்ட இடம், இரண்டாவது கோட்டிலேயே நின்றது. அவள் மூன்று இடத்தில் குத்திப் பார்த்தாள். பிறகு கேள்விகள் வந்தன: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், குளிர்காலத்தில், புல்லை ஏன் உயரமாக விடுகிறீர்கள், எட்டாம் நாள் என்ன ஆகும். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் விடை இருந்தது. கேள்வி தீர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இதை மீட்டிங்ல சொல்லித்தான் ஆகோணும்" என்றாள் சந்திரிகா. "இதைச் சொன்னா நோட்டு பொய்ங்கறதையும் சொல்லோணும். ஒண்ணை விட்டுட்டு ஒண்ணைச் சொல்ல முடியாதுங்க."

"சொல்லுங்க மேடம். பாய் பேரு மட்டும் வாணாம். அவரு பாக்கல."

21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, 96 வீடுகளில் 53 வீட்டார் கூடினார்கள். தலைமை கோவிந்தராஜன், எழுபத்து நான்கு வயது, கும்பகோணத்துக்காரர், பாதுகாப்புத் துறையில் தணிக்கை அதிகாரியாக இருந்தவர். சந்திரிகா சொல்லி முடித்ததும் அவர் பழைய நோட்டுகளை வரவழைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பினார். கூட்டம் காத்திருந்தது.

"விதியை மீறினது ஒண்ணு" என்றார். "மீறலைன்னு தினம் ரெண்டு வேளை கையெழுத்துப் போட்டது இன்னொண்ணு. முதலாவதைப் பொறுத்துக்கலாம். ரெண்டாவதை எப்படிய்யா பொறுத்துக்கறது?"

"பொறுத்துக்க வாணாம் சார். வந்து பாருங்க" என்றார் லூர்துசாமி.

பின்னால் நின்றிருந்த ரஃபீக் தானாகவே கையைத் தூக்கினார். "சாட்சிக் கையெழுத்து என்னோடது சார். நான் போய்ப் பாக்கல. அதையும் எழுதிக்குங்க."

"உமக்கு என்னய்யா அவசரம்? உம்ம முறை வரும்."

ஐம்பத்துமூன்று வீட்டாரும் எழுந்து தோட்டத்துக்குப் போனார்கள். கோவிந்தராஜன் யார் சொன்னதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பதினைந்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வாளி நிரம்ப முப்பது விநாடி ஆயிற்று. நம்பாமல் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தார். அவர் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. மறுபடியும் முப்பது. பின்பக்கத்துக்கு மட்டும் ஆறு நாளுக்கு விதிப்படி 14,400 லிட்டர். லூர்துசாமியின் வழியில் 6,300. பிறகு பின்பக்கத்தில் ஒரு பிடி பெயர்த்து வேரை அளந்தார்கள். ஐந்தரை அங்குலம். முன்பக்கத்தில் ஒன்றரை.

"அப்போ முன்பக்கத்துக்கும் இதையே பண்ணினா ஆச்சு" என்று யாரோ சொன்னார்கள். பலரும் தலையாட்டினார்கள். சந்திரிகாகூட லூர்துசாமியை ஆவலாகப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இரண்டு புல்வெளியும் நிற்கும், வேலையும் முழுதாக நிற்கும்.

லூர்துசாமி முன்பக்கப் புல்லில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி, கைப்பிடியின் மேல் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். ஒன்பதாம் கோட்டில் கல்லில் பட்டதுபோல் டங்கென்று நின்றது.

"இங்க ஆவாது சார். அடியில கார் நிறுத்தற தளம். மண்ணு மொத்தமே ஒம்பது அங்குலம், அதுவும் கொட்டின செம்மண்ணு. ரெண்டாயிரத்துப் பதினெட்டுல அந்த மூலையில வுட்டுப் பாத்தேன். நாலாம் நாளே செத்துப்போச்சி. இதுக்கு எவ்ளோ தண்ணி ஊத்தினாலும் வீண்தான். இதை எடுத்துடுங்க."

ரஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. பாதி வேலைக்கு முழு ஆள் எதற்கு என்று ஒருவர் கேட்டார். பொய் எழுதியவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்றார் இன்னொருவர். ராஜஸ்ரீ என்ற பெண்மணி, டி கட்டடத்துத் தரைத்தளத்தில் இருப்பவர், எழுந்து மராத்தியில் கேட்டார்: "எட்டு வருஷமாக என் ஜன்னலுக்கு எதிரே பொய் நடந்தது, எனக்கே தெரியவில்லை. பிளாஸ்டிக் போட்டால் வெயிலில் அது காயும் சூடு என் வீட்டுக்குள் வராதா?"

கை தூக்கியபோது 31-க்கு 22. பழைய பதினான்காம் விதி ரத்து. முன்பக்கப் புல் போகும். அங்கே கல்லும், அதிகம் தண்ணீர் கேட்காத அரளியும் கற்றாழையும் வரும். பின்பக்கப் புல் நிற்கும். அதற்குக் கோடையில் ஆறு நாளுக்கு ஒரு தண்ணீர், குளிரில் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தண்ணீர், மழையில் இல்லை. தோட்டக்காரர் தொடர்வார். இனி நோட்டில் நிமிடம் எழுத வேண்டாம். ஈரம் எத்தனை அங்குலம் இறங்கியது என்று எழுத வேண்டும். சாட்சி போடுபவர் நேரில் போய்ப் பார்த்துப் போட வேண்டும். அடுத்த தீர்மானத்திலேயே, 1999-ஆம் வருஷத்துப் பதினான்காம் விதியை மீறிப் பொய்க் கையெழுத்திட்டதற்காக லூர்துசாமிக்கு எழுத்து மூலமான எச்சரிக்கை; பார்க்காமல் சாட்சி போட்டதற்காக ரஃபீக்குக்கும் ஒன்று. ரத்தான விதியை மீறியதற்கு எப்படி எச்சரிக்கை தருவது என்று சந்திரிகா கேட்டாள். "மீறினபோது அது ரத்தாகலையேம்மா" என்றார் கோவிந்தராஜன். லூர்துசாமி அது நியாயம்தான் என்றார்.

கூட்டம் கலைய ஆரம்பித்தபோது கோவிந்தராஜன் அவரைக் கூப்பிட்டார். நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"ஒரு சந்தேகம் ஓய். மே மாசம் கடைசியில இங்க சுழட்டிச் சுழட்டிக் காத்தடிக்குமே. அப்பவும் ஆறு நாள்தானா? அஞ்சுன்னு எழுதணுமா?"

லூர்துசாமி யோசித்தார். காற்றை அவர் தனியாகப் பார்த்ததில்லை.

"தெரியாது சார். ஒரு பத்தடிக்குப் பத்தடி காயவுட்டுப் பாக்கணும். இந்த மே பத்தாது. ரெண்டு கோடையாவது வேணும்."

"காயவிட அனுமதி வேணும்கிறீர்."

"ஆமா சார். இந்த வாட்டி கேட்டுட்டே வுட்றேன்."

கோவிந்தராஜன் தீர்மான நோட்டை மறுபடி திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கடைசி வரிக்குக் கீழே எழுதினார். லூர்துசாமி கேட்டதன் பேரில் அதைத் தமிழில் வாசித்தும் காட்டினார்: "காற்றுக்காலம் பற்றி. பின்பக்கத்தில் நூறு சதுர அடி காயவிடப்படும். எத்தனை நாள் என்பதைத் தோட்டக்காரர் 2025 ஜூன் மாதம் தெரிவிப்பார்."